சனிக்கிழமைச் சண்டைக்காரர்கள்

எங்கள் வீட்டில் கதவு சாத்துவதற்கென்று ஒரு முறை உண்டு. பழைய துணி ஒன்றை மடித்து நிலையோரம் வைத்து, அதன் மேல் மெல்லக் கதவைச் சாய்க்க வேண்டும். அப்பாவுக்குக் கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் ஷிஃப்ட் வேலை. காலை ஷிஃப்ட் என்றால் மத்தியானம் வந்து படுப்பார். இரவு ஷிஃப்ட் என்றால் காலையில் ஸ்டாஃப் பஸ்ஸில் வந்து இறங்கியதும் படுப்பார். எந்த ஷிஃப்டாக இருந்தாலும் நான் வீட்டில் இருக்கும் நேரத்தில் அவர் தூங்கிக்கொண்டிருப்பார் என்றுதான் எனக்கு நினைவு. அவர் படுத்துவிட்டால் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸின் அந்த இரண்டு அறைகளிலும் மிக்ஸி ஓடாது. ரேடியோ பாடாது. குக்கர் முதல் விசிலுக்குத் தயாராகும்போதே அம்மா ஓடிப்போய் அடுப்பை அணைப்பாள். நான் அந்த வீட்டில் பேசியது எல்லாமே ரகசியம்தான். "இன்னொரு தோசை" என்பதைக்கூட அம்மாவின் காதில்தான் சொல்வேன்.

பள்ளிக்கூடத்தில் நான் வேறு ஆள். ஒன்பதாம் வகுப்புக்கு வருவதற்குள் இரண்டு பேரின் சட்டைப் பையைக் கிழித்திருந்தேன். ஒருத்தியின் ஜியாமெட்ரி பாக்ஸை ஜன்னல் வழியாக எறிந்திருந்தேன். பெஞ்சில் இடம் விடாத ஒரு பையனைப் பெஞ்சோடு சேர்த்துக் கவிழ்த்திருந்தேன். கல்பாக்கத்திலிருந்து வருகிறவள் என்பதால் எனக்கு 'அணுகுண்டு' என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அந்த வருடம் மாமல்லபுரத்திலிருந்து ஒருத்தி எங்கள் வகுப்பில் வந்து சேர்ந்தாள். அவளுடைய அம்மா கோயில் பக்கத்தில் சங்கும் பாசிமாலையும் விற்கிற கடை வைத்திருந்தார். எல்லோரும் அவளைச் சங்குக்கடை என்றே கூப்பிட்டார்கள். என்னைவிட ஒரு சாண் உயரம். கோபத்தில் யார் உயரம் என்பதுதான் தெரியாமல் இருந்தது. அதுவும் ஒரு நாள் மதியம் தெரிந்தது.

சாப்பிட்டுவிட்டுக் குழாயடியில் டிபன் பாக்ஸ் கழுவ நின்றிருந்தோம். அவள் எனக்கு முன்னால் இருந்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள். கையைத் தூக்கினாள். அவ்வளவுதான், என் கையில் இருந்த எவர்சில்வர் டப்பா அவள் வாயில் போய் மோதியது. முன்பல்லில் ஒரு துணுக்கு உடைந்து விழுந்தது. அவள் அழவில்லை. என் முழங்கையைப் பிடித்து, மீதியிருந்த பல்லெல்லாம் பதியும்படி கடித்தாள். எங்களைப் பிரிக்க மூன்று டீச்சர்கள் வேண்டியிருந்தது.

மறுநாள் தலைமையாசிரியை அறையில் இரண்டு அம்மாக்களும் உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் இருவரும் ஆளுக்கொரு மூலையில் நின்றோம்.

"டி.சி. எழுதத்தான் உட்கார்ந்தேன்" என்றார் தலைமையாசிரியை. "அப்புறம் யோசிச்சேன். மாமல்லபுரத்துல ஒரு பொண்ணு சனிக்கிழமை சனிக்கிழமை மெட்ராஸ்லேர்ந்து வந்து டான்ஸ் கிளாஸ் நடத்துது. அடிதடி பண்ற பசங்களுக்குன்னே. ரெண்டு பேரும் அங்க போகணும். ஒரு வாரம் மட்டம் போட்டாலும் டி.சி.தான்."

அம்மா திகைத்துப் போனாள். "அடிச்சதுக்கு டான்ஸா? பரிசு குடுக்கற மாதிரி இருக்கே, டீச்சர்?"

சங்குக்கடையின் அம்மா அதற்கு மேல். "இன்னா மேடம் இது, பல்லு போனது என் பொண்ணுக்கு. அவ எதுக்கு ஆடணும்?"

"கடிச்சது யாரும்மா?" என்று கேட்டார் தலைமையாசிரியை. அந்த அம்மா என் முழங்கைக் கட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பித் தன் மகளை முறைத்தார்.

கிளாஸ் நடந்தது ஒரு கல்யாண மண்டபத்தில். இரண்டு பக்கமும் சிற்பப் பட்டறைகள்; உளிச் சத்தம் காலையிலிருந்தே கேட்டுக்கொண்டிருக்கும். முகூர்த்தம் இல்லாத சனிக்கிழமைகளில் மண்டபத்தைச் சும்மா கொடுத்திருந்தார்கள். மேடையில் சிவப்பு வெல்வெட் போட்ட மணமக்கள் நாற்காலிகள் இரண்டு அப்படியே இருந்தன. வாடிய தோரணமும் இருந்தது. நான் சலங்கை, அடவு என்று எதையோ எதிர்பார்த்துத் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு போயிருந்தேன். அங்கே எங்களையும் சேர்த்து எட்டுப் பேர். நாற்காலியைத் தூக்கி வாத்தியார் மேல் எறிந்த ஒரு நெட்டைப் பையன் தூணில் சாய்ந்தபடி எங்களை முறைத்தான். நாங்கள் எல்லோருமே எல்லோரையும் முறைத்தோம்.

ஈ.சி.ஆர். பஸ்ஸிலிருந்து இறங்கி வியர்க்க வியர்க்க உள்ளே வந்த பெண்ணைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. குட்டையாக, உருண்டையாக, மூக்குக்கண்ணாடி நழுவிக்கொண்டே இருக்க, தோளில் ஒரு டேப் ரெக்கார்டர். வயது இருபத்தைந்து இருபத்தாறுதான் இருக்கும். "அக்கான்னு கூப்பிடுங்க" என்றாள். சின்ன வயதிலிருந்து நடனம் கற்றவள்; அதன்பின் ஆட்டத்தை வைத்து மனசைச் சரிபண்ணுவது எப்படி என்று தனியாகப் படித்தவள் என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்தது. அன்றைக்கு அவள் டேப்பில் ஒரு கேசட்டைப் போட்டாள். புல்லாங்குழல் தொடங்கிய அரை நிமிடத்தில் கரண்ட் போய்விட்டது.

அக்கா சுற்றுமுற்றும் பார்த்தாள். சமையல்கட்டு வாசலில், முந்தைய கல்யாணத்துக்குச் சாம்பார் வைத்த பெரிய அண்டா கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. வாட்ச்மேனிடம் ஒரு கரண்டி கேட்டு வாங்கினாள். அண்டாவின் முதுகில் ஒன்று போட்டாள். மண்டபம் முழுக்க அதிர்ந்தது. பக்கத்துப் பட்டறையில் உளிச் சத்தம் ஒரு கணம் நின்று மறுபடி தொடங்கியது.

"நடங்க" என்றாள். "இதுக்கு ஏத்த மாதிரி சும்மா நடங்க. யாரும் யாரையும் தொடக்கூடாது. அவ்வளவுதான் இன்னிக்கு."

நடந்தோம். இரண்டு சுற்று வந்ததும் அக்கா அண்டாவை நிறுத்தி என்னைக் கூப்பிட்டாள்.

"நீ ஏன் பூனை மாதிரி நடக்கற?"

எனக்குப் புரியவில்லை. குனிந்து என் காலைப் பார்த்தேன். குதிகால் தரையில் படவே இல்லை. நுனிக்காலில் நின்றுகொண்டிருந்தேன். எத்தனை வருடமாக அப்படி நடக்கிறேன் என்பது எனக்கே தெரியாது.

"வீட்டுல அப்பா தூங்குவாரு" என்றேன்.

"இங்க யாரும் தூங்கல. குதிகாலை வை. நல்லா, ஓங்கி."

வைத்தேன். மொசைக் தரையில் 'தொம்' என்றது. சத்தம் கேட்டவுடன் யாராவது 'உஷ்' சொல்வார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் சொல்லவில்லை. அக்கா அண்டாவை இன்னும் பலமாக அடித்தாள். இன்னொரு முறை வைத்தேன். அதிர்வு கால் எலும்பு வழியாக இடுப்பு வரைக்கும் ஏறியது. அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் எட்டுப் பேரும் தரையை மிதித்துக்கொண்டிருந்தோம். நெட்டைப் பையன் சட்டை முழுக்க நனைந்து, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான். அன்று மத்தியானம் நான் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே தூங்கி, என் நிறுத்தத்தைத் தாண்டிப் போய் இறங்கினேன்.

நான்காவது சனிக்கிழமை அக்கா எங்களை ஜோடி சேர்த்தாள். எனக்கு யார் ஜோடி என்று சொல்ல வேண்டியதில்லை. உள்ளங்கையோடு உள்ளங்கை வைத்துத் தள்ள வேண்டும். "தள்ளுங்க, ஆனா ஜெயிக்காதீங்க" என்றாள் அக்கா. "அவ எவ்வளவு தள்றாளோ அவ்வளவுதான் நீயும். ரெண்டு பேரும் விழாம நிக்கணும்."

இதைவிடக் கஷ்டமான வேலையை நான் செய்ததில்லை. சங்குக்கடையின் கை கரடுமுரடாக இருந்தது. ஊசியும் நைலான் நரம்பும் வைத்து மாலை கோர்க்கிற கை. முதல் முறை அவளை நான் தூண் வரைக்கும் தள்ளிக்கொண்டு போனேன். இரண்டாவது முறை அவள் என்னைச் சமையல்கட்டு வரைக்கும். ஏழாவதோ எட்டாவதோ முறைதான் நடு மண்டபத்தில் நின்றோம். மூக்கு நுனியில் வேர்வை சொட்டியது. துடைக்கக் கை இல்லை. அவளுக்கும் அதே நிலைமை. அவள் உதட்டைக் குவித்துத் தன் மூக்கை நோக்கி ஊதிக்கொண்டாள். உடைந்த பல் வழியாகக் காற்று விசிலடித்தது. நான் சிரித்துத் தொலைத்தேன்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து அக்கா சொன்னாள்: "நீங்க ரெண்டு பேரும் ஏன் இங்க வந்தீங்கன்னு எனக்குத் தெரியும். அதை ஆடிக் காட்டுங்க. ஆனா மெதுவா. அஞ்சு செகண்ட்ல முடிஞ்ச சண்டையை அஞ்சு நிமிஷம் ஆடணும். கை மேல படவே கூடாது."

மற்ற ஆறு பேரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். அக்கா அண்டாவில் விரலால் மட்டும் தட்டினாள். சங்குக்கடை முன்னால் நின்றாள். நான் பின்னால், கையில் இல்லாத டிபன் பாக்ஸைப் பிடித்துக்கொண்டு. அவள் தேன் ஊற்றுகிற வேகத்தில் திரும்பினாள். அவள் முகம் முழுவதுமாக எனக்குத் தெரிய எவ்வளவோ நேரமானது. அந்த முகத்தில் கோபம் எதுவும் இல்லை. பிறகு கை மேலே எழுந்தது. தோள், காது, அதற்கும் மேலே. அந்தக் கை என் பக்கம் வரவில்லை. பின்னந்தலைக்குப் போயிற்று.

நான் ஆட்டத்தை நிறுத்திவிட்டேன். "ஏய், நீ அடிக்கத்தானே கையைத் தூக்கின?"

"இன்னாத்துக்கு அடிக்கிறேன் உன்ன? கொண்ட அவுந்துகினு இருந்துச்சு, முடியலாம்னு தூக்கினேன்."

"அப்ப ஏன் என்னைத் திரும்பிப் பார்த்த?"

"டப்பாவப் புடிக்கச் சொல்லலாம்னுதான். ரெண்டு கையும் வேணாமா கொண்ட போட?"

யாரும் சிரிக்கவில்லை. எனக்குக் காதெல்லாம் சூடானது. அவள் பல்லைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தேன். அவளே கொண்டையை முடிந்துகொண்டே, "பரவால்ல வுடு. வேற ஒரு நாளு நானே உன்ன அடிச்சிருப்பேன். உன் மூஞ்சி அப்பிடி" என்றாள். அப்போதுதான் எல்லோரும் சிரித்தார்கள். மன்னிப்பு என்ற வார்த்தையை நான் அவளிடம் சொன்னது அடுத்த வாரம், பஸ் நிறுத்தத்தில். அவள் சரியாகக் காதில் விழவில்லை என்று இரண்டு தடவை சொல்ல வைத்தாள்.

மார்கழி பிறப்பதற்கு முன் ஒரு சனிக்கிழமை அம்மா அப்பாக்களையும் அழைத்து வரச் சொன்னாள் அக்கா. என் அப்பாவுக்கு அது இரவு ஷிஃப்ட் வாரம். ஸ்டாஃப் பஸ்ஸிலிருந்து இறங்கினவரை அம்மா வீட்டுக்குள்ளேயே விடாமல் அப்படியே மாமல்லபுரத்துக்கு அழைத்து வந்துவிட்டாள். மண்டபத்தின் மற்ற நாற்காலிகளை உள்ளறையில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். அப்பா மேடையேறி, வெல்வெட் போட்ட மாப்பிள்ளை நாற்காலியில் கூச்சத்தோடு நுனியில் உட்கார்ந்தார்.

அக்கா அண்டாவை அடிக்கத் தொடங்கினாள். நாங்கள் எட்டுப் பேரும் மிதித்தோம். பிறகு அம்மாக்களையும் இழுத்து விட்டோம். என் அம்மா புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு முதலில் ஒப்புக்கு ஒரு காலை வைத்தாள். அப்புறம் இன்னொன்று. நான்கு சுற்றுக்குப் பிறகு எட்டுப் பேரைவிடவும் சத்தமாக அவள்தான் மிதித்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை. எனக்குக் கோபம் யாரிடமிருந்து வந்தது என்று அந்த நிமிடம் எனக்கு ஒரு சந்தேகம் தட்டியது.

திடீரென்று அம்மா நின்றாள். உதட்டில் விரலை வைத்து, "உஷ்" என்றாள். மேடையில் அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். தலை பின்னால் சாய்ந்து, வாய் திறந்திருந்தது. நாங்கள் நிறுத்தவில்லை; நிறுத்த வேண்டாம் என்று அக்கா கண்ணைக் காட்டிவிட்டு இன்னும் வேகமாக அடித்தாள். அண்டாவும் அத்தனை கால்களும் அதிர அதிர அப்பா அசையவே இல்லை.

வாட்ச்மேன் வந்து எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, மாப்பிள்ள இப்பிடித் தூங்கிகினு கீறாரு? பொண்ணு எங்க?"

அம்மா அவரைக்கூடப் பார்க்கவில்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வீட்டுக்கு வந்ததும் விசாரணை. "அந்தச் சத்தத்துல எப்படிங்க தூங்கினீங்க?"

அப்பா தயங்கித் தயங்கிச் சொன்னார். "நான் ரைஸ் மில்லுக்குப் பக்கத்து வீட்டுல வளர்ந்தவன். சத்தம் இருந்தாத்தான் எனக்குத் தூக்கமே பிடிக்கும். இங்க ஊசி விழுந்தா கேக்கும். பாதி நாள் கண்ணை மூடிட்டுச் சும்மாதான் படுத்திருப்பேன்."

"சொல்ல வேண்டியதுதானே?"

"நீ அவ்வளவு பாடுபட்டு வீட்டை அமைதியா வச்சிருந்த. எப்படிச் சொல்றது?"

அம்மா சமையலறைக்குப் போனாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். மிக்ஸியில் வெறும் ஜாரை வைத்து மூன்றாம் நம்பரில் ஓட விட்டாள். அது கத்தியது. அப்பா இரண்டு நிமிடத்தில் தூங்கிப்போனார். அம்மா மிக்ஸிக்குப் பக்கத்தில் நின்று, கண்ணில் தண்ணீர் வர வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கதவுத் துணியை அன்றைக்கே எடுத்துக் கரித்துணி ஆக்கினாள். ஆனால் பழக்கம் சுலபத்தில் போகவில்லை. ரொம்ப நாள் வரை குக்கர் விசில் வந்தால் பதறி ஓடுவாள். பாதி வழியில் நினைவு வந்து திரும்பி வருவாள்.

இதோடு நான் திருந்திவிட்டேன் என்று சொன்னால் பொய். சில வாரம் கழித்து, அண்டா அடிக்க யார் முறை என்று எனக்கும் சங்குக்கடைக்கும் தகராறு வந்தது. உண்மையில் அவள் முறைதான். கரண்டியை நான் இழுத்தேன், அவள் இழுத்தாள், நான் இன்னும் பலமாக இழுத்து வீசினேன். கரண்டி பறந்து போய் டியூப் லைட்டில் பட்டது. கண்ணாடி தூளாக எங்கள் தலை மேல் கொட்டியது. நல்லவேளை, யார் கண்ணிலும் படவில்லை.

அக்காவின் முகம் சிவந்துவிட்டது. "எனக்கு இப்ப ரொம்பக் கோபம் வருது" என்றாள். "வெளிய போயிட்டு வர்றேன். யாரும் கண்ணாடியைத் தொடாதீங்க."

போனாள். ஜன்னல் வழியாகப் பார்த்தோம். அந்தக் குட்டை உருவம் மண்டபத்தைச் சுற்றி, ஹவாய் செருப்பில் 'பட் பட்' என்று மிதித்து நடந்தது. ஒரு சுற்று, இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றில் நடை மெதுவானது. உள்ளே வந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். "சரி. விளக்குமாறு எடுத்துட்டு வாங்க" என்றாள். எங்களுக்குச் சொல்லித் தருகிற வித்தையை அவளும் செய்ய வேண்டியிருக்கிறது என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. அவள் அடிக்கவில்லை, கத்தவில்லை. ஆனால் கோபம் வரவில்லை என்று நடிக்கவும் இல்லை.

அடுத்த வாரம் என் அப்பா ஒரு டியூப் லைட் கொண்டுவந்து, ஏணி போட்டு, அவரே மாட்டிவிட்டுப் போனார். சங்குக்கடை ஏணியைப் பிடித்துக்கொண்டாள். இறங்கியதும், "மாப்பிள்ள சார், இப்போ முழிச்சிகினுதான கீறீங்க?" என்று கேட்டாள். அப்பாவுக்கு வெட்கம் தாங்கவில்லை.

தை பிறந்ததும் மண்டபத்தில் முகூர்த்தங்கள் வரிசைகட்டின. எங்களுக்கு இடமில்லை. கடற்கரையை ஒட்டிய சவுக்குத் தோப்புக்கு மாறினோம். அங்கே வேறு தொல்லை: எவ்வளவு ஓங்கி மிதித்தாலும் சத்தமே வரவில்லை.

"மண்ணு எல்லாத்தையும் முழுங்கிகினு போவுது அக்கா" என்றாள் சங்குக்கடை.

"அப்ப வாயால குடுங்க" என்றாள் அக்கா.

ஒவ்வொரு மிதிக்கும் 'ஹோ' என்று கத்தினோம். நான் வீட்டுக்கு வெளியேகூட அப்படிக் கத்தியதில்லை. அடிப்பேன், கத்த மாட்டேன். முதல் முறை என் தொண்டையிலிருந்து கோழிக்குஞ்சு மாதிரி ஒரு கீச்சொலிதான் வந்தது. வலை பின்னிக்கொண்டிருந்த மீனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "இன்னா பாப்பா, டிராமாவா?" என்று கேட்ட ஒருவர், சிறிது நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, படகின் விளிம்பில் கட்டையால் தாளம் போட ஆரம்பித்தார். அண்டாவைவிட அது நன்றாகவே இருந்தது.

பத்தாம் வகுப்பு முடிகிற வரைக்கும் போனேன். கோபம் போய்விட்டதா என்றால், இல்லை. இன்றைக்கும் வருகிறது. ஆனால் அது எந்த வழியாக வருகிறது என்று தெரிந்துவிட்டது. எனக்கு முதலில் இடது தோள் இறுகும். அப்புறம் கால் கட்டைவிரல். அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு மூச்சு விடும் அளவுக்கு இடம் இருக்கிறது. அந்த இடத்தில் நான் செய்யக்கூடியது ஏதாவது இருக்கும். பெரும்பாலும் செய்துவிடுகிறேன். செய்யத் தவறிய நாட்களும் உண்டு. அதற்கு என் கணவர் சாட்சி.

நான் செங்கல்பட்டில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த வருடம் அக்காவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு ஊர் அச்சரப்பாக்கம்; கல்யாணமும் அங்கேதான். எட்டுப் பேருக்கும் பத்திரிகை வந்தது; எட்டுப் பேரும் போனோம். நெட்டைப் பையன் அதற்குள் சொந்தமாகச் சிற்பப் பட்டறை வைத்திருந்தான், கல்லில் ஒரு சின்னப் பிள்ளையாரைச் செதுக்கி எடுத்து வந்திருந்தான். சங்குக்கடை டூரிஸ்ட் வேன் ஓட்டக் கற்றுக்கொண்டு, தன் மாமாவின் வேனையே ஓட்டிக்கொண்டு வந்தாள். பல்லை அவள் கட்டவே இல்லை. வெளிநாட்டுக்காரர்கள் கேட்டால் சுறா கடித்தது என்று சொல்வாளாம்.

தாலி கட்டி முடிந்து, பெண்ணையும் மாப்பிள்ளையையும் காரில் ஏற்றி, பேண்டு வாத்தியத்தோடு மாப்பிள்ளை வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். டிரம்காரர் ஒரு அடி போட்டதுதான் தாமதம், நாங்கள் எட்டுப் பேரும் காருக்கு முன்னால் இறங்கிவிட்டோம். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு பார்த்தார்கள். ஜி.எஸ்.டி. ரோட்டைக் கடக்கும் இடத்தில் ஒரு லாரி எங்களால் நின்றுபோய், டிரைவர் ஹாரனை விடாமல் அழுத்தினார். நெட்டைப் பையன் அந்த ஹாரனுக்கே இரண்டு அடி ஆடிக் காட்டிவிட்டு வழிவிட்டான். டிரைவரும் சிரித்துவிட்டுப் போனார். காருக்குள் நகையும் மாலையுமாக உட்கார்ந்திருந்த அக்கா, மூக்குக்கண்ணாடி நழுவ, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "குதிகால்! குதிகால்!" என்று எங்களைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார்.

பந்தியில் பாயசம் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டோம். திரும்பும்போது வேனில் ஜன்னலோரம் யார் உட்காருவது என்று ஒரு சண்டை வந்தது. வாய்ச்சண்டைதான். மதுராந்தகம் ஏரி வரும்வரைக்கும் யாரும் விட்டுக்கொடுக்கவில்லை.